மர்மக் காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் கிடையாது

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் ஒரு சொல்லும் கூடவே இறங்கிவிடும். கச்சிராயபாளையம் டீக்கடையில் கேட்கும். சங்கராபுரம் போகும் பேருந்தில் கேட்கும். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வரும்: மர்மக் காய்ச்சல். யாரோ ஒருவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து, மூன்று மருத்துவமனை மாறி, கடைசியில் சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ ஆம்புலன்ஸில் போகிற வழியில் இறந்திருப்பார். மறுநாள் அந்தத் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள், கொசுவுக்குப் புகை அடிப்பார்கள், குடிநீர்த் தொட்டியைக் கழுவுவார்கள். பிறகு பொங்கல் வந்துவிடும். அடுத்த ஐப்பசி வரை அந்தச் சொல்லை யாரும் நினைப்பதில்லை.

அந்தச் சொல்லை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். ‘மர்மம்’ என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி. கண்டுபிடிக்காத மருத்துவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. செய்தியாளர் மேலே விசாரிக்க வேண்டியதில்லை. இறந்தவர் வீட்டாரும் விதி என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். நட்டம் ஒருவருக்குத்தான். அடுத்த வாரம் அதே காய்ச்சலோடு படுக்கப் போகிறாரே, அவருக்கு.

நம் ஊரில் மர்மக் காய்ச்சல் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே நோய் என்று நான் வாதிக்க வரவில்லை. டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, டைபாய்டும் இருக்கிறது. ஆனால் மழை முடிந்து பனி விழும் மாதங்களில், வயல்காட்டிலும் புதரோரத்திலும் புழங்குகிறவருக்கு ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால், முதலில் நினைக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். ஜப்பானிய மொழியில் சுட்சுகா என்றால் தீங்கு, முஷி என்றால் பூச்சி. ஜப்பானின் நிகாட்டா பகுதியில் ஆற்றங்கரை உழவர்கள் பூச்சி கடித்து இந்தக் காய்ச்சல் வருகிறது என்பதை நுண்ணோக்கி அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். எழுத்தறியாத உழவனுக்கு அன்று மர்மமாக இல்லாதது இன்று நமக்கு எப்படி மர்மமாகும்?

‘ஸ்க்ரப்’ என்ற பெயருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1920களில் மலேயாவில் வேலை பார்த்த ஆங்கிலேய மருத்துவர்கள், நகரத்தில் வரும் டைபஸைக் கடைத்தெரு டைபஸ் என்றும், தோட்டத்துக் குற்றுப்புதர்களில் வேலை செய்வோருக்கு வருவதைப் புதர் டைபஸ் என்றும் பிரித்தார்கள். அந்த நாட்டுத் தோட்டங்களில் நம் தமிழர் எத்தனை பேர் களையெடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் அசாம்-பர்மா எல்லையில் நின்ற படைகளை இதே காய்ச்சல் சாய்த்தது. 1948-ல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு குளோரம்பெனிகால் கொடுத்து இதைக் குணப்படுத்திக் காட்டியது. நாடு விடுதலையான மறு ஆண்டிலேயே மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்ட நோயைத்தான் இன்றும் மர்மம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்துக்கு இது புதிதாக வந்ததும் இல்லை. 2001 கடைசியில் தொடங்கிய குளிர்மாதங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இந்தக் காய்ச்சலோடு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அந்த மருத்துவர்கள் அதை 2003-ல் உலகுக்கு எழுதிச் சொன்னார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரி மருத்துவமனைகளும் எழுதின. அங்கே போன நோயாளிகள் புதுச்சேரிக்காரர்கள் மட்டும் இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஆட்களும்தான். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை விழுப்புரத்தோடுதானே இருந்தது. நோய் மாவட்ட எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை.

என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஊரில் இருக்கிறார். கரும்புக்குச் சோகை உரிப்பார், வரப்புப் புல் அறுப்பார், நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புதர் வெட்டுவார். ஒரு கார்த்திகையில் காய்ச்சல் கண்டது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, மேலெல்லாம் வலி. முதல் நாள் பக்கத்து கிளினிக்கில் ஊசி. மூன்றாம் நாள் ரத்த டெஸ்ட், “டைபாய்டு பாசிட்டிவ்” என்றார்கள். ஐந்து நாள் பாட்டில் ஏற்றினார்கள், பாட்டிலோடு விலை உயர்ந்த ஊசி. காய்ச்சல் விடவில்லை. எட்டாம் நாள் தட்டணு குறைந்தது. டெங்குவாக இருக்கலாம் என்று பேச்சு மாறியது. பப்பாளி இலைச்சாறு பிழிந்து கொடுத்தோம். பத்தாம் நாள் மூச்சு வாங்கியது. பேசுவது அவருக்கே புரியாமல் பேசினார். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே உடை மாற்றிவிட்ட நர்ஸ் பெண்தான் பார்த்தாள். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பின் இடப்பக்கம், ஊதுபத்தியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றிச் செந்தடம். “எவ்ளோ நாளா இருக்கு அத்தை இது?” என்று நான் கேட்டதற்கு, “அது நாடா உரசுன புண்ணும்மா. வலியே இல்ல, அதான் சொல்லல” என்றார். காய்ச்சல் வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. பத்து நாளில் அவரை நான்கு மருத்துவர்கள் பார்த்தார்கள். கையைப் பிடித்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெத்தை வைத்தார்கள். நாடாவைத் தளர்த்திப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீராக இன்னும் ஒரு வாரம் ஆனது.

அந்தப் பொருக்குதான் இந்த நோயின் கையொப்பம். கடிப்பது கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத ஒரு பூச்சியின் குஞ்சு. ஆறு கால், ஆரஞ்சுச் சிவப்பு நிறம். வளர்ந்த பூச்சி மனிதரைத் தொடுவதே கிடையாது. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஓர் உடம்பு வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாக அது எலியின் காது. புல்நுனியில் காத்திருக்கும்போது எலிக்குப் பதிலாக நம் கால் உரசினால் ஏறிக்கொள்ளும். ஏறி, துணி இறுக்கும் மென்தோலைத் தேடிப் போகும்: இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில். இரண்டு மூன்று நாள் இருந்து குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். வலிக்காது, அரிப்பும் பெரிதாக இராது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். பாக்டீரியாவைக் குஞ்சு எங்கிருந்தும் வாங்க வேண்டியதில்லை. தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. அதனால் ஓரிடத்தில் ஒருமுறை வேர்விட்டால் அந்த வரப்பில், அந்தப் புதரில், வருடம் தவறாமல் இருக்கும். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. ஈரமான மடிப்புகளில் கறுக்காமல் சின்னப் புண்ணாகவே நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் பார்த்தால்தானே இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரால் ஒரு குழப்பம். உண்ணி என்றதும் எங்கள் சனம் மாட்டின் காதையும் நாயின் கழுத்தையும் தடவிப் பார்க்கிறது. “எங்க வீட்ல மாடே இல்லியே” என்று ஒருவர் என்னிடமே சொல்லி, தமக்கு அந்த நோய் வரவே வராது என்று நம்பிக்கொண்டிருந்தார். மாட்டுண்ணி வேறு, இந்தப் பொடிப்பூச்சி வேறு. புல்பூச்சிக் காய்ச்சல் என்று சொன்னால் புரியும்.

சரி, அந்த “டைபாய்டு பாசிட்டிவ்” என்ன ஆயிற்று? அங்கேதான் என் கோபம் அதிகம். நம் ஊர் லேபுகளில் டைபாய்டுக்கு எடுப்பது பெரும்பாலும் வைடல் டெஸ்ட். 1896-ல் பிரான்சில் வைடல் என்பவர் சொன்ன முறை. ரத்தத்தில் டைபாய்டு கிருமிக்கு எதிரான பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கிறது. டைபாய்டு புழங்கும் நாட்டில் பழைய தொற்றின் மிச்சம் பலர் ரத்தத்தில் இருக்கும். வேறு காய்ச்சலிலும் அந்த அளவு ஏறிக் காட்டும். ஒரே ஒரு வைடலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். உண்மையை அறிய ரத்தத்தைக் கல்ச்சர் வைக்க வேண்டும், அதையும் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும். ஆனால் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தவுடன் யோசனை நின்றுவிடுகிறது. நோயாளிக்கும் ஒரு பெயர் கிடைத்த திருப்தி. டைபாய்டு என்ற பொய்ப்பெயரும் மர்மம் என்ற சொல்லும் செய்கிற வேலை ஒன்றே: தேடுவதை நிறுத்திவிடுகின்றன.

அதற்குப் பிறகு ஏற்றும் ஊசியில் இன்னொரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. ‘பவர் ஊசி’ போட்டால் எந்தக் கிருமியும் சாகும் என்பது. அத்தைக்கு ஐந்து நாள் ஏற்றியது செஃப்ட்ரியாக்சோன். டைபாய்டுக்கு நல்ல மருந்து. ஆனால் ஓரியன்ஷியாவை அது ஒன்றும் செய்யாது. அந்தக் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் மதில்சுவரை இடிப்பவை. இந்தக் கிருமியோ நம் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது, மற்றவற்றைப் போன்ற மதிலும் இல்லாதது. செல்லுக்குள் நுழைந்து அது புரதம் செய்வதைத் தடுக்கும் மருந்துதான் வேலை செய்யும். அதுதான் டாக்ஸிசைக்ளின், இல்லாவிட்டால் அசித்ரோமைசின். மாத்திரை ஒன்றுக்குச் சில ரூபாய். விலை கூடின ஊசியில் ஐந்து நாள் போனது. அந்த ஐந்து நாளில் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து, தட்டணு குறைந்தது. தட்டணு குறைந்தாலே டெங்கு என்று நினைப்பதும் இங்கிருந்து வரும் பிழைதான். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவரை நான் தடுக்கவில்லை. குடித்துவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதைத்தான் தடுக்கிறேன்.

இனி, இது மலைக்காரர் நோய் என்ற பேச்சு. கீழே கள்ளக்குறிச்சியில் படித்தவர்கள்கூட இதைச் சொல்வார்கள்: வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சுத்தம் பத்தம் கிடையாது, அதனால் காய்ச்சல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது மலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசினார்கள். சாமையும் மரவள்ளியும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மேல் எதையும் ஏற்றிவிடலாம் என்ற துணிவு கீழே இருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் உண்மை இல்லை. வேலூர் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020 முதல் 2022 வரை நம் மாநிலத்தின் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்தார்கள். கிராமத்து மக்களில் ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இந்தத் தொற்றைப் பெறுகிறார்கள் என்று கண்டார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது, சிலருக்கு முற்றுகிறது. எங்கள் சாதாரணக் கிராமங்களில், நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற வயலோரங்களில் நடக்கும் காரியம் இது. அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருப்பவர்தான் என் அத்தை. கிருமி அவர் வீட்டில் இல்லை, வரப்பில் இருந்தது. சோகை குவிந்த இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பூச்சி. அவரைக் கடித்தது அவருடைய உழைப்பின் வழியில் நின்ற பூச்சி.

அழுக்கு என்று பழி சுமத்துவதில் இன்னொரு கேடு. பழிக்கு அஞ்சுகிறவர் புண்ணைக் காட்டமாட்டார். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் ஒரு பொருக்கைக் காட்டப் பெண்களுக்கு ஏற்கெனவே கூச்சம். அதன்மேல் ‘குளிக்காதவளுக்கு வரும் நோய்’ என்ற பெயரையும் ஏற்றினால் யார் வாய் திறப்பார்கள்?

மருத்துவ நண்பர் ஒருவரோடு இதைப் பேசியபோது அவர் ஒரு மறுப்பு வைத்தார். அது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. “ஆரம்ப சுகாதார நிலையத்துல எலைசா டெஸ்ட் கிடையாது. உறுதிப்படுத்தாம எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்ஸி எழுதுனா நாளைக்கு அந்த மருந்தும் கேக்காமப் போயிடும், அதையும் யோசிக்கணும்” என்றார். யோசித்தேன். எல்லாக் காய்ச்சலுக்கும் எழுதச் சொல்லவில்லை. பருவம், வேலை, ஐந்து நாள், பொருக்கு, இவற்றைப் பார்த்து எழுதச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதலே, இந்த வகைக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. கண்மூடித்தனம் எது? ஏழு நாள் டாக்ஸிசைக்ளினா, வைடல் சீட்டைப் பார்த்து ஊருக்கெல்லாம் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோனா? மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாம் வளர்த்துக்கொண்டிருப்பது இரண்டாவதால்தான். கணிப்புத் தவறிப்போய் எலிக்காய்ச்சலாக இருந்தாலும் அதற்கும் டாக்ஸிசைக்ளின் மருந்து. மெடிக்கலில் போய்த் தானே வாங்கி விழுங்குங்கள் என்றும் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள், குழந்தைகளுக்கு அளவு வேறு. மருத்துவர் எழுத வேண்டும். எழுதுவதற்கு அவர் நினைக்க வேண்டும்.

முற்றிய நிலையில் என்ன செய்வது என்பதற்கும் விடை வந்துவிட்டது. அதுவும் நம் பக்கத்திலிருந்துதான் வந்தது. வேலூர் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் ஏழு சேர்ந்து, கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட சுமார் 800 பேருக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ரத்தக்குழாய் வழி கொடுத்துப் பார்த்தன. முடிவு 2023-ல் வெளியானது. மரணம், ஏழாம் நாளும் விடாத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஒற்றை மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதம். இரண்டு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிற நோய் இது. 2022 ஜனவரியிலிருந்து சிறுவங்கூரில் நமக்கென்று அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அறிவு சிறுவங்கூர் வரை வந்துவிட்டது. அது அடிவாரத்துக் கிளினிக்கின் திரைச்சீலைக்குப் பின்னால், காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் நாடாக்கட்டு வரை வர வேண்டும்.

ஆகவே எனக்கு இரண்டு பேரிடம் கோரிக்கை. செய்தி எழுதுகிறவர்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பொருக்கு இருந்ததா என்று யாராவது தேடினார்களா, கல்ச்சர் எடுத்தார்களா, டாக்ஸிசைக்ளின் எந்த நாளில் தொடங்கினார்கள்? விடை இல்லையென்றால் அதையே எழுதுங்கள். ‘காரணம் தேடப்படவில்லை’ என்று அச்சிடுங்கள். புகை அடிக்கவும் பவுடர் தூவவும் ஆள் அனுப்புகிற அலுவலர்களே, அந்தப் புகை கொசுவுக்கு, அந்தப் பவுடர் குடல்கிருமிக்கு. இரண்டும் வரப்புப் புல்லில் இருக்கிற பூச்சியை எட்டாது. அந்தச் செலவில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு திரை, ஒரு டார்ச் லைட், பெண் நோயாளியைப் பார்க்க ஒரு பெண் ஊழியர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். நூறு நாள் வேலைக்குப் புதர் வெட்டப் போகிறவர்களுக்கு, புல்தரையில் உட்காராதே, துணியைப் புதர்மேல் காயப்போடாதே, வீடு வந்ததும் குளித்து உடை மாற்று என்று அட்டை கொடுக்கும் இடத்திலேயே சொல்லுங்கள்.

அத்தைக்குக் கொடுத்த மருந்தைப் பிறகு கணக்குப் போட்டேன். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஏழு நாளைக்குப் பதினான்கு மாத்திரை, ஒரு பேருந்துக் கட்டணத்தில் முடிந்திருக்கும். பாட்டிலுக்கும் பவர் ஊசிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வைத்த அவருடைய தோடு இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது.